மலையில் விழும் சிறு விமானங்களும் நாம் காக்கத் தவறும் சாட்சியங்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலைப்பகுதியில் ஒரு சிறு விமானமோ ஹெலிகாப்டரோ விழுந்து நொறுங்கினால், முதல் நாள் முதல் பக்கத்தில் படங்கள் வருகின்றன. மறுநாள் அனுமானங்கள் வருகின்றன. அதற்கடுத்த நாள் ‘விமானியின் தவறா, மோசமான வானிலையா’ என்ற கேள்வி வருகிறது. அத்துடன் அந்தச் செய்தி நாளிதழ்களிலிருந்து மறைந்துவிடுகிறது. மாதங்கள் கழித்து விசாரணை அறிக்கை வெளியாகும்போது உள்பக்கத்தில் நான்கு வரிகூடக் கிடைப்பது அரிதாக இருக்கிறது. விமானப்படையின் தொழில்நுட்பப் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்று மதுரையில் வசிப்பவன் என்ற முறையிலும், தேனி மாவட்ட மலையடிவாரத்தில் உறவினர்கள் உள்ளவன் என்ற முறையிலும் இது குறித்துச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன். நான் சொல்ல வருவது ஒன்றுதான்: மலையில் விழுந்த விமானத்தின் விசாரணை தில்லியிலிருந்து அதிகாரிகள் வந்து இறங்கும்போது தொடங்குவதில்லை. முதலில் ஓடிச்செல்லும் ஊர்க்காரரின் கையிலும், அவருக்குப் பின்னால் செல்லும் காவலர், வனத்துறையினர், செய்தியாளர் ஆகியோரின் கையிலும்தான் அதன் பெரும்பகுதி இருக்கிறது. அதற்கு நம் பகுதி ஆயத்தமாக இல்லை.

இது எங்கோ இமயமலையில் நடக்கும் விஷயம் என்று மதுரைப் பக்கத்தில் யாரும் ஒதுக்கிவிட முடியாது. 1971 டிசம்பர் 9 அன்று, இறங்குவதற்காக உயரம் குறைத்துக்கொண்டிருந்த இந்தியன் ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் ஆவ்ரோ விமானம் ஒன்று, பட்டப்பகலில், பார்வைத் தெளிவு குறைந்திருந்த வேளையில், சின்னமனூர் அருகே மேகமலையில் மோதியது. விமானத்தில் இருந்த 31 பேரில் பணியாளர்கள் 4 பேரும் பயணிகள் 17 பேரும் இறந்தனர். 10 பேர் உயிர் பிழைத்தனர். வங்கதேசப் போர் நடந்துகொண்டிருந்த நாட்கள் அவை. நாட்டின் கவனம் முழுவதும் எல்லையில் இருந்தது. இன்று சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு வளைவு வளைவாக ஏறிச் செல்லும் சாலையில் பயணம் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்த விபத்து தெரியும் என்று எண்ணிப்பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. பத்துப் பேர் பிழைத்தார்கள் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. மலையில் மோதிய விமானத்தில் ஒருவரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள் என்ற எண்ணத்துடன் தேடுதலில் மெத்தனமாக இருப்பது எவ்வளவு பெரிய பிழை என்பதற்கு நம் மண்ணிலேயே சான்று இருக்கிறது.

கம்பம் பள்ளத்தாக்கின் அமைப்பை அறிந்தவர்களுக்கு அங்கே பறப்பதன் இடர் எளிதில் விளங்கும். மேற்கே ஏலமலைத் தொடர், கிழக்கே மேகமலையும் வருசநாட்டு மலைகளும், வடக்கே கொடைக்கானலைத் தாங்கி நிற்கும் பழனி மலைத் தொடர். தென்மேற்குப் பருவக் காலத்தில் கேரளப் பக்கத்திலிருந்து கணவாய்கள் வழியே காற்று பாய்ந்து இறங்குகிறது. வடகிழக்குப் பருவக் காலத்தில், குறிப்பாகக் கார்த்திகை, மார்கழி மாதங்களில், கீழே தேனியில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மேலே மலைமுகடு மேகத்துக்குள் மறைந்து கிடக்கும். மலையைத் தாண்டி வரும் காற்று மறுபக்கச் சரிவில் கீழ்நோக்கி அமுக்கும். எஞ்சின் முழு விசையில் இயங்கினாலும் சிறு விமானம் அந்த அமுக்கத்தை மீறி ஏற முடியாமல் போகலாம்.

உயரமும் வெப்பமும் சேர்ந்து செய்யும் வேலையை ஒரு கணக்கால் விளக்கலாம். கொடைக்கானல் ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் இருக்கிறது. விமானப் பொறியியலில் கணக்கிட எடுத்துக்கொள்ளும் அளவுகோலின்படி அந்த உயரத்தில் வெப்பநிலை சுமார் 1 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். நம் ஊர்ப் பகலில் அங்கே 20 டிகிரி இருக்கலாம். ஒவ்வொரு கூடுதல் டிகிரிக்கும் சுமார் 120 அடி என்று கூட்டினால், அந்த விமானத்தின் இறக்கைக்கும் எஞ்சினுக்கும் அது 9,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தின் மெல்லிய காற்றாகிவிடுகிறது. கடலோர விமானநிலையத்திலிருந்து கிளம்பும்போது நன்றாக ஏறிய அதே விமானம் இங்கே தயங்கும். முன்னே மலை உயர்ந்துகொண்டே போக, பள்ளத்தாக்கு குறுகிக்கொண்டே வர, திரும்புவதற்கு இடமில்லை என்பதை விமானி உணரும்போது காலம் கடந்திருக்கும். இத்தகைய விபத்தில் விமானத்தில் ஒரு திருகுகூடப் பழுதாகியிருக்காது.

ஆகவே விசாரணை என்பது உடைந்த பாகத்தைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலை மட்டும் என்று கருதக் கூடாது. இந்தியாவில் பொதுமக்கள் விமானங்களின் விபத்துகளை விசாரிப்பதற்கென்றே விமான விபத்து விசாரணைப் பணியகம் 2012 முதல் இயங்கி வருகிறது. அதற்கு முன்பு விதிகளை வகுத்து உரிமம் வழங்கும் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகமே (டிஜிசிஏ) விசாரணைகளையும் நடத்திவந்தது. உரிமம் தந்தவரே விசாரிப்பதில் உள்ள முரண்பாட்டை நீக்கவே தனிப் பணியகம் உருவானது. நாடுகளுக்கிடையிலான விமானப் போக்குவரத்து குறித்த 1944ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கையின் 13ஆம் இணைப்பு இந்த விசாரணைகளுக்கு அடிப்படை. விசாரணையின் ஒரே நோக்கம் இனியொரு விபத்தைத் தடுப்பதுதான், பழியையோ பொறுப்பையோ பங்கிடுவது அதன் நோக்கமன்று என்று அந்த இணைப்பு தெளிவாகக் கூறுகிறது. 30 நாட்களுக்குள் முதற்கட்ட அறிக்கையும், இயன்றவரை 12 மாதங்களுக்குள் இறுதி அறிக்கையும் எதிர்பார்க்கப்படுகின்றன. விமானத்தைத் தயாரித்த நாடும் விசாரணையில் பங்கேற்கும் உரிமை பெற்றது. மூன்றாம் நாளே தீர்ப்பு எழுதும் நம் பழக்கத்துக்கும் இந்த ஏற்பாட்டுக்கும் எவ்வளவு தூரம் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பெரிய விமானம் விழுந்தால் கறுப்புப் பெட்டியைத் தேடுகிறோம். 5,700 கிலோவுக்குக் கீழ்ப்பட்ட சிறு விமானங்கள் பெரும்பாலானவற்றில் அப்படியொரு பெட்டியே இருப்பதில்லை. விமானியின் கடைசிச் சொற்கள் எங்கும் பதிவாகியிருக்காது. மலைகளுக்கு நடுவே தாழ்வாகப் பறந்திருந்தால் ரேடாரிலும் தெரிந்திருக்காது. அப்போது பேசக்கூடிய சாட்சி அந்த இடம் மட்டுமே. மரம், மண், உலோகம் ஆகியவை சொல்வதை அறிந்தவர்கள் வந்து படிக்கும்வரை அது கலையாமல் இருக்க வேண்டும்.

எப்படிப் படிக்கிறார்கள் என்பதைச் சொன்னால்தான் எதைக் காக்க வேண்டும் என்பது வாசகர்களுக்குப் புரியும் என்பதால் அதைச் சற்று விவரிக்கிறேன். விசாரணையாளர் அங்கே போனதும் முதலில் தேடுவது விமானத்தின் நான்கு ஓரங்களை: மூக்கு, வால், இரு இறக்கைகளின் நுனிகள். நான்கும் அந்த ஓரிடத்திலேயே கிடந்தால் விமானம் முழுமையாக வந்து மோதியிருக்கிறது. வாலின் ஒரு பகுதியோ இறக்கையின் ஒரு துண்டோ இரண்டு கிலோமீட்டர் பின்னால் வேறொரு சரிவில் கிடந்தால், விமானம் வானிலேயே உடையத் தொடங்கியது என்று பொருள். ஏலத்தோட்டத்தில் கிடந்த ஒரு தகட்டை யாரோ எடுத்து வந்து குவியலோடு சேர்த்துப் போட்டுவிட்டால், அந்த ஒரு செயலிலேயே விசாரணையின் முதல் கேள்விக்கு விடை அழிந்துபோகிறது.

அடுத்து மரங்கள். சோலைக்காட்டில் விமானம் வெட்டிக்கொண்டு போன தடத்தில், முதலில் அடிபட்ட மரத்தின் உச்சி எவ்வளவு உயரத்தில் வெட்டுப்பட்டிருக்கிறது, அடுத்த மரம் எவ்வளவு உயரத்தில் என்று அளந்தால் விமானம் எந்தக் கோணத்தில் வந்தது என்பது தெரிந்துவிடும். இடப்பக்க மரங்கள் உயரத்திலும் வலப்பக்க மரங்கள் தாழ்விலும் வெட்டுப்பட்டிருந்தால், விமானம் வலப்பக்கமாகச் சாய்ந்திருந்தது, ஒருவேளை விமானி கடைசி நேரத்தில் மலையைக் கண்டு திருப்ப முயன்றார் என்ற குறிப்பு கிடைக்கும். கிளைகள் சாய்வாகவும் வழவழப்பாகவும் துண்டிக்கப்பட்டிருந்தால் புரொபெல்லர் விசையோடு சுழன்றிருக்கிறது. தரையில் அது பதித்த வெட்டுகளின் இடைவெளியையும் சுழற்சி வேகத்தையும் வைத்து விமானத்தின் வேகத்தையே கணிக்க முடியும். அந்த மரங்களை ‘வழி ஏற்படுத்துகிறோம்’ என்று மறுநாள் அறுத்துத் தள்ளிவிட்டால் பிறகு எதை அளப்பது?

புரொபெல்லரின் அலகுகள், அதாவது சுழலும் தகடுகள், தனியாகவே ஒரு வரலாற்றைச் சொல்லும். எஞ்சின் வேலை செய்துகொண்டிருந்தால் அலகுகள் முறுக்கிக்கொண்டும் முன்னும் பின்னுமாக வளைந்தும் கிடக்கும். அகலவாக்கில் கீறல்கள் இருக்கும். சுழலாமல் நின்றிருந்தால் ஒன்றிரண்டு அலகுகள் வெறுமனே பின்னோக்கி மடங்கி, மற்றது நேராகவே இருக்கும். எஞ்சின் வானிலேயே நின்றுவிட்டதா என்ற கேள்விக்கு எஞ்சினைப் பிரிப்பதற்கு முன்பே இதிலிருந்து பாதி விடை கிடைத்துவிடுகிறது. கட்டுப்பாட்டுக் கம்பிகள் மோதலின் இழுவையில் அறுந்திருந்தால் அவற்றின் இழைகள் விளக்குமாறுபோல் விரிந்திருக்கும். அதற்கு முன்பே தேய்ந்தோ துருப்பிடித்தோ அறுந்திருந்தால் முனை வேறுவிதமாக இருக்கும். உலோகம் நாள்பட்ட சோர்வினால் உடைந்திருந்தால் உடைந்த பரப்பில் நெருக்கமான வளைவு வரிகள் தெரியும்; ஒரே அடியில் உடைந்திருந்தால் அவை இருக்காது. தீயின் கரி காற்று வீசிய திசையில், அதாவது விமானத்தின் மூக்கிலிருந்து வால் நோக்கி, நீண்டு படிந்திருந்தால் தீ வானில் பிடித்தது. மேல்நோக்கிப் படிந்திருந்தால் விழுந்த பிறகு பிடித்தது.

பணியில் இருந்த காலத்தில் மூத்த தொழில்நுட்பர்களிடம் கேட்டு எனக்கு வியப்பளித்தது எச்சரிக்கை விளக்குகளைப் பற்றிய செய்தி. மோதும் கணத்தில் எரிந்துகொண்டிருந்த விளக்கின் இழை சூட்டில் இளகியிருப்பதால் நீண்டு தொய்ந்துவிடும். அணைந்திருந்த விளக்கின் இழை அப்படியே இருக்கும் அல்லது வெடுக்கென்று ஒடிந்திருக்கும். எண்ணெய் அழுத்தம் குறைந்ததற்கான விளக்கு எரிந்ததா இல்லையா என்பதை ஒரு மயிரிழையைப் பூதக்கண்ணாடியில் பார்த்துச் சொல்லிவிடலாம். கருவிகளின் முள் மோதிய அதிர்ச்சியில் முகப்பில் நுண்ணிய தடத்தைப் பதித்திருக்கும். அதிலிருந்து அந்தக் கணத்தின் வேகமும் உயரமும் தெரியவரும். உயரமானியில் விமானி எந்தக் காற்றழுத்த அளவை வைத்திருந்தார் என்பதும் முக்கியம். அதில் 10 மில்லிபார் பிசகினாலே உயரம் ஏறத்தாழ 280 அடி தவறாகக் காட்டும். நினைவுப் பொருளாக ஒரு கருவியின் முகப்பைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகிறவர், தம்மையறியாமல் இவ்வளவையும் எடுத்துக்கொண்டு போகிறார். அலுமினியத் தகடு பழைய இரும்புக் கடைக்குப் போவதும் அப்படித்தான். நம் பகுதியில் வடகிழக்குப் பருவமழை இரண்டே நாட்களில் கரியையும் எரிபொருள் தடத்தையும் கழுவிவிடும் என்பதால், மற்ற இடங்களைவிட இங்கே காலமும் குறைவு.

சட்டமும் இதையே சொல்கிறது. 2017ஆம் ஆண்டின் விமான விபத்து விசாரணை விதிகளின்படி, உரிய அதிகாரியின் அனுமதியின்றிச் சிதைவுகளை நகர்த்தவோ தொடவோ கூடாது. உயிரோடு இருப்பவர்களையும் இறந்தவர்களையும் வெளியே எடுப்பது, தீயால் அழிவதைத் தடுப்பது போன்றவற்றுக்கு மட்டுமே விலக்கு உண்டு. மனித உயிருக்குத்தான் முதலிடம் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்க முடியாது. கதவை உடைத்து ஒருவரைக் காப்பாற்ற வேண்டுமானால் உடைக்கத்தான் வேண்டும். உடைப்பதற்கு முன்போ பின்போ கைப்பேசியில் ஒரு படம் எடுத்துவைத்தால் போதும். எதை, எங்கிருந்து, ஏன் நகர்த்தினோம் என்று பிற்பாடு சொல்ல முடிந்தால் அதுவே பெரிய உதவி.

கைப்பேசிப் படம் எவ்வளவு உதவும் என்பதை 2021 டிசம்பர் 8 அன்று குன்னூர் அருகே நடந்த ஹெலிகாப்டர் விபத்து காட்டியது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உள்ளிட்ட 14 பேருடன் சூலூரிலிருந்து வெலிங்டனுக்குச் சென்ற எம்ஐ-17 ஹெலிகாப்டர் காட்டேரி, நஞ்சப்பசத்திரம் பகுதியில் விழுந்தது. அது மேகமூட்டத்துக்குள் நுழைந்து மறைவதை மலை ரயில் பாதையில் நின்றிருந்த சுற்றுலாப் பயணிகள் படம் பிடித்திருந்தனர். அந்தக் கைப்பேசி விசாரணைக்காக ஒப்படைக்கப்பட்டது. ஊர் மக்கள் போர்வைகளையும் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு ஓடியதை நாமெல்லோரும் படித்தோம். பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாறி ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்ததும், விமானி திசையுணர்வை இழந்ததும், நல்ல நிலையிலிருந்த ஹெலிகாப்டர் கட்டுப்பாட்டில் இருந்தபடியே தரையில் மோதியதும் முப்படை விசாரணையின் முதற்கட்ட முடிவாக 2022 ஜனவரியில் அறிவிக்கப்பட்டன. பின்னர் 2024 டிசம்பரில் நாடாளுமன்றப் பாதுகாப்பு நிலைக்குழுவின் அறிக்கையில் ‘மனிதத் தவறு’ என்ற காரணம் குறிப்பிடப்பட்டது. படைத்துறை விபத்துகளின் முழு அறிக்கைகள் பொதுவெளிக்கு வருவதில்லை. பாதுகாப்பு காரணங்கள் இருக்கலாம், மறுக்கவில்லை. ஆயினும் மலைமேகத்தில் பறப்பது குறித்து அந்த விசாரணை கற்ற பாடங்களையாவது பொதுமக்கள் விமானங்களை இயக்குவோருடன் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

திசையுணர்வை இழப்பது என்றால் அனுபவமற்றவருக்கு மட்டும் நேர்வது என்று பலர் நினைக்கிறார்கள். நம் உட்காதில் உள்ள திரவம்தான் சமநிலையைச் சொல்கிறது. கண்ணுக்கு அடிவானம் தெரியாதபோது, மெதுவான ஒரு திருப்பத்தை அந்தத் திரவம் நேர்ப்பயணமாகவே உணரும். விமானம் சாய்ந்து சுழன்று இறங்குகையிலும் உடல் ‘நேராகத்தான் இருக்கிறோம்’ என்று சொல்லும். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1954இல் நடந்த ஆய்வொன்றில், கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கப் பயிற்சி பெறாத 20 விமானிகள் மேகத்துக்குள் நுழைந்தது போன்ற சூழலுக்கு உட்படுத்தப்பட்டபோது அனைவரும் கட்டுப்பாட்டை இழந்தனர். சராசரியாக அதற்கு எடுத்துக்கொண்ட நேரம் 178 விநாடி. மூன்று நிமிடம்கூட இல்லை.

இப்போது ‘விமானியின் தவறு’ என்ற சொல்லுக்கு வருகிறேன், ஏனெனில் இந்தக் கடிதத்தை எழுதத் தூண்டியதே அந்தச் சொல்தான். இறந்துபோன விமானி மறுப்பு தெரிவிக்க முடியாது. அவருடைய மனைவி மக்கள் அந்தச் சொல்லோடு வாழ்நாள் முழுவதும் வாழ வேண்டும். தவறு நடந்தேயிருக்கலாம், பல விபத்துகளில் நடந்தும் இருக்கிறது. ஆனால் அதைச் சொல்லிவிட்டு விசாரணையை மூடுவது, கேள்வி தொடங்க வேண்டிய இடத்தில் முடித்துவிடுவதாகும். அன்று காலை அவருக்கு வானிலைத் தகவல் தந்தவர் யார், அது எத்தனை மணி நேரத்துக்கு முந்தையது, போக முடியாது என்று அவர் சொல்லியிருந்தால் நிறுவனம் ஏற்றுக்கொண்டிருக்குமா, முந்தைய நாள் எவ்வளவு நேரம் உறங்கினார், விமானத்தில் அனுமதித்த எடைக்கு மேல் ஏற்றியிருந்தார்களா என்பனவெல்லாம் அதற்குப் பின்னால் கேட்கப்பட வேண்டியவை.

1979 நவம்பர் 28 அன்று ஏர் நியூசிலாந்து நிறுவனத்தின் டிசி-10 விமானம் அன்டார்டிகாவின் எரிபஸ் மலையில் மோதி 257 பேரும் இறந்தனர். அது பெரிய விமானம்தான் என்றாலும், மலை விபத்து விசாரணைகளில் அதைவிடப் பெரிய பாடத்தை நான் அறியேன். முதல் விசாரணை விமானிகளைக் குறை கூறியது. பின்னர் நீதிபதி பீட்டர் மாகன் தலைமையிலான ஆணையம் ஆராய்ந்தபோது, விமானத்தின் வழிகாட்டும் கணினியில் இருந்த பாதையின் அளவுகளை நிறுவனம் மாற்றியதும், அதை விமானிகளுக்குச் சொல்லாததும் வெளிச்சத்துக்கு வந்தன. கடல்மீது பறப்பதாக அவர்கள் நம்பிக்கொண்டிருந்தபோது விமானம் மலையை நோக்கிச் சென்றுகொண்டிருந்தது. வெண்மேகமும் வெண்பனியும் ஒன்றாகத் தெரிந்ததால் மலை கண்ணில் படவில்லை. நாற்பது ஆண்டுகள் கழித்து, 2019இல், நியூசிலாந்துப் பிரதமர் அந்தக் குடும்பங்களிடம் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார்.

சிறு விமானத்துக்கு அண்டை நாட்டில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2022 மே 29 அன்று நேபாளத்தின் பொக்ராவிலிருந்து ஜோம்சோமுக்குச் சென்ற தாரா ஏர் நிறுவனத்தின் ட்வின் ஆட்டர் விமானம் மலையில் மோதி, 4 இந்தியர்கள் உள்பட 22 பேர் இறந்தனர். அந்த விமானத்தில் மலை நெருங்குவதை எச்சரிக்கும் கருவி இருந்தது. ஆனால் அதன் எச்சரிக்கை நிறுத்திவைக்கப்பட்டிருந்ததை விசாரணை கண்டறிந்தது. இதைப் படிப்பவர் உடனே விமானியைக் கடிந்துகொள்வார். குறுகிய பள்ளத்தாக்கில் தினமும் மலைகளுக்கு அருகிலேயே பறக்க வேண்டியிருக்கும்போது அந்தக் கருவி தொடர்ந்து அலறிக்கொண்டே இருக்கும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அலறும் கருவியோடு பறப்பதா, அதை நிறுத்திவிட்டுப் பறப்பதா என்ற நிலைக்கு விமானியைத் தள்ளும் வழித்தடத்தையும் நடைமுறையையும் திருத்தாமல் விமானியை மட்டும் குறை சொன்னால், அதே பள்ளத்தாக்கில் அடுத்த விபத்துக்குக் காத்திருக்கிறோம் என்றே ஆகும்.

தேடுதலைப் பற்றியும் சொல்ல வேண்டும். விமானங்களில் உள்ள அவசரச் சமிக்ஞைக் கருவி மோதலின் அதிர்ச்சியில் தானாக இயங்கி, 406 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் செயற்கைக்கோளுக்குத் தகவல் அனுப்பும். இந்தியாவில் அதைப் பெறும் மையம் இஸ்ரோவின் பொறுப்பில் பெங்களூருவில் உள்ளது. 121.5 மெகாஹெர்ட்ஸில் மட்டும் இயங்கும் பழைய கருவிகளைச் செயற்கைக்கோள்கள் கவனிப்பது 2009 பிப்ரவரி 1 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. புதிய கருவியாக இருந்தாலும், மோதலில் ஆன்டெனா ஒடிந்துவிட்டாலோ விமானம் கவிழ்ந்து கிடந்தாலோ சமிக்ஞை வெளியே போகாது. 2009 செப்டம்பர் 2 அன்று ஆந்திர முதல்வர் ஒய்.எஸ். ராஜசேகர ரெட்டி சென்ற ஹெலிகாப்டரை நல்லமலைக் காட்டில் மறுநாள்தான் காண முடிந்தது. 2019 ஜூன் 3 அன்று அருணாசலப் பிரதேசத்தில் காணாமல்போன விமானப்படையின் ஏஎன்-32 விமானத்தின் சிதைவுகளைக் காண 8 நாட்கள் ஆயின. நாட்டின் அத்தனை வசதிகளையும் ஈடுபடுத்திய தேடுதல்களே இப்படி இருந்தன.

ஆகவே மேகமலையிலோ குரங்கணிக்கு மேலேயோ ஒரு விமானம் விழுந்தால் அதை முதலில் அறியப்போகிறவர் எஸ்டேட் தொழிலாளியாகவோ, பளியர், முதுவர் சமூகத்தைச் சேர்ந்த ஒருவராகவோ, வேட்டைத் தடுப்புக் காவலராகவோதான் இருப்பார். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி காட்டுத்தீயில் மலையேற்றம் சென்றவர்கள் சிக்கியபோது, எந்த மீட்புப் படையும் வந்துசேர்வதற்கு முன்பு மேலே ஏறியவர்கள் அவ்வூர் மக்களே. விமானப்படை ஹெலிகாப்டர்கள் பிற்பாடுதான் வந்தன. அந்த மக்களிடம் விமான விபத்து நேர்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்று யாராவது எப்போதாவது சொல்லியிருக்கிறார்களா? சொல்ல வேண்டியவை மிக எளியவை. சத்தம் கேட்ட நேரத்தையும் திசையையும் உடனே குறித்துக்கொள்வது. எஞ்சின் சத்தம் சீராக இருந்ததா, விட்டுவிட்டுக் கேட்டதா, மோதல் சத்தத்துக்கு முன்பே நின்றுவிட்டதா என்று நினைவில் வைப்பது. எந்த முகட்டில் மேகம் எதுவரை இறங்கியிருந்தது என்று கவனிப்பது. பிறர் சொல்வதைக் கேட்டுத் தம் நினைவைத் திருத்திக்கொள்ளாமல் பார்த்ததை மட்டும் சொல்வது. வானிலை ஆய்வு மையத்தின் எந்தக் கருவியும் அந்த முகட்டில் இல்லாதபோது, ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் ‘அந்நேரம் பாறை தெரியவில்லை’ என்று சொல்வது விசாரணையில் விலைமதிப்புள்ள வாக்குமூலம்.

முகடுதான் பல இடங்களில் மாநில எல்லை என்பதும் கவலைக்குரியது. எல்லைக்கோட்டுக்கு மேல் விழுந்தால் தேனியா இடுக்கியா, எந்தக் காவல் நிலையம் வழக்குப் பதிவது, எந்த வனச்சரகம் பாதை காட்டுவது என்ற குழப்பத்தில் முதல் சில மணி நேரங்கள் கரைந்துவிடக் கூடும். இரு மாவட்ட ஆட்சியர்களும் இதை முன்கூட்டியே பேசி எழுத்தில் வைத்துக்கொள்வதற்கு எந்தத் தடையும் இல்லை.

தடுப்பைப் பொறுத்தவரை, அமெரிக்காவின் அலாஸ்காவில் விமானப் போக்குவரத்து நிர்வாகம் மலைக்கணவாய்களில் வானிலைக் கேமராக்களை நிறுவியிருக்கிறது. கிளம்புவதற்கு முன்பே விமானி அந்தக் கணவாய் திறந்திருக்கிறதா, மேகத்தில் மூடியிருக்கிறதா என்பதைப் படமாகப் பார்த்துவிடலாம். போடிமெட்டு, மேகமலை, கொடைக்கானல் ஆகிய இடங்களில் இதை நிறுவுவது பெரும் செலவு பிடிக்கும் திட்டமன்று. வனத்துறைக்கும் பேரிடர் மேலாண்மைக்கும் அதே கேமராக்கள் காட்டுத்தீயைக் கண்காணிக்கவும் பயன்படும்.

தங்கள் நாளிதழிடம் எனக்குள்ள வேண்டுகோளையும் தயக்கமின்றி எழுதிவிடுகிறேன். இத்தகைய விபத்து நடந்தால், இறந்தவர்களின் உடல்களும் உடைமைகளும் தெரியும் படங்களைத் தவிர்க்க வேண்டும். செய்தியாளர்கள் சிதைவுகளுக்கு நடுவே நடந்து படமெடுக்காமல் காவலர் போட்ட கயிற்றுக்கு வெளியே நிற்க வேண்டும். அவர்கள் எடுத்த படங்களைத் திருத்தாமல், எடுத்த நேரத்துடன் பாதுகாத்து, கேட்கும்போது விசாரணையாளர்களிடம் தர வேண்டும். ‘மர்மம்’, ‘சதி’, ‘அலட்சியம்’ ஆகிய சொற்களை அறிக்கை வரும்வரை தலைப்பில் வைக்க வேண்டாம். பணியகத்தின் இறுதி அறிக்கைகள் இணையத்தில் வெளியாகின்றன, ஆனால் ஆங்கிலத்தில், தொழில்நுட்ப நடையில். அவற்றைப் படித்து, என்ன நடந்தது, எந்தப் பரிந்துரைகள் செய்யப்பட்டன, அவற்றில் எவை நிறைவேறின என்று தமிழில் எழுதும் ஒரு நாளிதழ் இருந்தால், உறவினரை இழந்த குடும்பங்களுக்கு அதைவிடப் பெரிய உதவி இருக்க முடியாது. முதல் நாள் படத்துக்கு ஒதுக்கிய இடத்தில் பாதியாவது அதற்கு ஒதுக்குங்கள்.

மாவட்ட நிர்வாகங்களுக்கும் இக்கடிதத்தின் வாயிலாக ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். தேனி, திண்டுக்கல், விருதுநகர் மாவட்டங்களின் பேரிடர் மேலாண்மைத் திட்டங்களில் வெள்ளமும் நிலச்சரிவும் இடம்பெறுவதுபோல், மலைப்பகுதி விமான விபத்துக்கும் தனிப் பகுதி இருக்க வேண்டும். மலையடிவாரக் காவல் நிலையங்கள், வனச்சரக அலுவலகங்கள், எஸ்டேட் மருத்துவமனைகள் ஆகியவற்றின் சுவரில் சென்னை விமான நிலையத்தில் உள்ள மீட்பு ஒருங்கிணைப்பு மையத்தின் எண்ணும், மதுரை விமானநிலையக் கட்டுப்பாட்டு அறையின் எண்ணும், ‘சிதைவுகளைத் தொடாதீர்’ என்ற குறிப்பும் தமிழில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன் தீயணைப்புத் துறை ஆண்டுதோறும் நடத்தும் ஒத்திகைகளில் ஒன்றை மேகமலையிலோ குரங்கணியிலோ, அங்குள்ள மக்களையும் சேர்த்துக்கொண்டு நடத்தினால் போதும். இதற்கென்று புதிய நிதியோ புதிய ஆணையோ தேவைப்படாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விமானப்படைத் தொழில்நுட்பர்,
திருநகர், மதுரை.